ஹாபிஸ், ஆரியா, ரோக்கோ: அண்ணன் பேசிய பேச்சு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அண்ணனோடு தோளுக்குத் தோள் நின்று வேலை செய்த கப்பல்துறை ஜெட்டி நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணன் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு யாரும் கண்ணைக் கசக்க வேண்டாம். எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரே ஒரு குறைதான். அதில் அண்ணன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்! அறுபத்தோரு வருடத்தில் அவர் வாய் மூடியிருந்தது போட்டோக்காரர் "ரெடி" சொன்ன அந்த ஒரு நொடியில்தான். அந்த நொடியிலும், அப்புறம் ரங்கத் ஊரில் இருக்கும் என் வீட்டிலும். என் வீட்டுக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்திருக்கிறேன்.

மலர் என்றால் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்டளை. தொடங்குகிறேன். அண்ணன் பிறந்தது போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த அப்பாவுக்கு அங்கே பண்ணையில் வேலை. இந்தப் பக்கம் வங்காளத்து வீடு, அந்தப் பக்கம் தெலுங்கு வீடு, எதிரே மலையாளத்துக் குடும்பம். அண்ணன் யார் வீட்டில் சாப்பிட்டாரோ அந்த வீட்டுப் பேச்சு வாயில் ஒட்டிக்கொண்டது. இத்தனையையும் சேர்த்துக் கட்ட எங்கள் தீவு ஹிந்தி இருக்கவே இருக்கிறது. மெயின்லேண்ட் ஹிந்திக்காரர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆண்பால் பெண்பால் எல்லாம் அதில் யாரும் பார்ப்பதில்லை. ஊருக்கே பெயர் மாறியும் நாங்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறோம், எங்களிடம் போய் இலக்கணம் எதிர்பார்க்கலாமா?

அண்ணனுக்குப் பதினெட்டு வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு அப்போது ஆறு வயது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பேனா வாங்கி வைத்திருந்த மனிதர், அந்தப் பேனாவை என் புத்தகப் பையில் போட்டுவிட்டு ஜெட்டிக்கு மூட்டை தூக்கப் போனார். அம்மா அழுதாராம். அதற்கு அண்ணன், "பாப்பா படிக்கும்மா. எனக்கு எழுதுறத விட கத்துறது நல்லா வரும்" என்றாராம். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்திருக்கிறார் என்று நினைக்காதீர்கள். அது சத்தியமான உண்மை. மூன்று தெரு தள்ளி அம்மாவைக் கூப்பிட்டாலும் கேட்கும் தொண்டை அது.

அந்தத் தொண்டைதான் அவரை மூட்டையிலிருந்து மீட்டது. கப்பலின் வயிற்றிலிருந்து சாமானைத் தூக்கும் கிரேன்காரருக்கு உள்ளே இருப்பது தெரியாது. விளிம்பில் ஒரு ஆள் நின்று கையாலும் குரலாலும் சொல்ல வேண்டும். அவர்தான் சிக்னல்மேன். "ஹாபிஸ்" என்றால் தூக்கு. "ஆரியா" என்றால் இறக்கு. "தோடா" என்றால் கொஞ்சமாக. "ரோக்கோ" என்றால் நிறுத்து, அப்போது முஷ்டியையும் மூடிக் காட்ட வேண்டும். ஹாபிஸும் ஆரியாவும் எந்த ஊர்ச் சொல் என்று கேட்டால் அண்ணனுக்கும் தெரியாது. "பழைய கப்பல்காரங்க விட்டுட்டுப் போனது பாப்பா. நாம யூஸ் பண்ணிக்கிறோம்" என்பார். இந்த வேலையில்தான் கம்பிக் கயிறு மாட்டி வலது கைச் சுட்டுவிரலின் நுனி போனது. தையல் பிரித்த மறுநாளே விளிம்பில் போய் நின்றுவிட்டார்.

ஜெட்டியில் பேசியதை ஜெட்டியிலேயே விட்டுவிட்டு வருவாரா என்றால், அதுதான் கிடையாது! தோசை வேண்டுமென்றால் "ரெண்டு ஆரியா" என்பார். போதுமென்றால் முஷ்டி. படுத்துவிட்டால் "ஹேட்ச் பந்த்", அதாவது சரக்கறையை மூடியாகிவிட்டது, இனி யாரும் எழுப்பக் கூடாது. வாய்ச்சவடால் விடுகிற ஆளுக்கு "காலி கண்டெய்னர்" என்று பெயர். அப்படிப் பெயர் வாங்கிய மூன்று சொந்தக்காரர்கள் இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். அண்ணி கோபமாக இருந்தால் நண்பர்களுக்கு போன் போட்டு, "இன்னிக்கு வீட்டுல ஸ்வெல் ஜாஸ்தி, யாரும் வராதீங்க" என்பார். ஸ்வெல் என்றால் கப்பலைப் புரட்டுகிற பெரிய அலை.

அண்ணி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். "கலியாணம் கட்டி ஆறு மாசத்துக்கு இந்த மனுசன் பேசுறது எனக்கு ஒரு சொட்டும் விளங்கல தங்கச்சி. சாப்பாட்டுக்குக் கூப்புடுறாங்களா, சண்டைக்குக் கூப்புடுறாங்களான்னே தெரியாது" என்று அண்ணி இன்றும் சொல்லிச் சிரிப்பார். ஏழாவது மாதம் அண்ணியே "ஹேட்ச் பந்த்" சொல்லத் தொடங்கிவிட்டார்.

சென்னைக் கப்பல் வரும் நாளில் அண்ணனைப் பார்க்க வேண்டும். வேலை தேடி வரும் ஆட்கள் நாலு நாள் வாந்தி எடுத்த முகத்தோடு, ஒரு பெட்டியும் ஒரு பையுமாக இறங்கித் திருதிருவென்று விழிப்பார்கள். தமிழ் முகமாக இருந்தால் அண்ணன் விடமாட்டார். "தம்பி, மூணே வார்த்தை கத்துக்கோ, பொழச்சுக்கலாம். கித்னா, கிதர், கல் ஆவோ. எவ்வளவு, எங்கேங்கிற ரெண்டும் நீ கேக்கணும். நாளைக்கு வாங்கிறதை உன்கிட்ட சொல்லுவாங்க." சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போடச் சொல்வார். அப்படிச் சோறு தின்றவர்கள் இன்று ஹேவ்லாக்கில் ஓட்டல் வேலையிலும், ரங்கத் கடைத்தெருவிலும் நன்றாக இருக்கிறார்கள். போன வருடம் பதினாறாம் நாளுக்கு வந்த கூட்டத்தில் பாதி அவர்கள்தான்.

இனி என் வீட்டுக் கதை. இதில் நான் நல்லவள் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை, கல்யாணமாகிப் போனது ரங்கத்துக்கு. கவுண்டரில் உட்கார்ந்தால் நானும் "பையா, லைன் மே ஆவோ, சில்லற லேக்கே ஆவோ" என்றுதான் நாள் முழுக்கக் கத்துவேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பெரிய தமிழச்சியாகிவிடுவேன். என் வீட்டுக்காரரின் சொந்தமெல்லாம் மதுரைப் பக்கம். அவர்கள் முன்னால் ஒரு சொல் பிசகிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வீறாப்பு.

ஏழாம் மாதம் வளைகாப்பு. பெரிய மாமியார் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியிருந்தார். அண்ணன் ஜெட்டியிலிருந்து நாலு ஆட்களையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்துவிட்டார். கொல்லையில் ஐந்து வகைச் சாதம் தயாரானது. புளியோதரை அண்டாவைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கழுத்தளவு சாதம், நாலு பக்கமும் நாலு ஆள். அண்ணன் முன்னால் நின்று ஆரம்பித்தார் பாருங்கள்: "ஹா...பிஸ்! தோடா ஸைடு மாரோ! ஏ, வாசல்படி, பாத்து, தேக்கே! ஆரியா... ஆரியா... ரோக்கோ!" அண்டா ஒரு பருக்கை சிந்தாமல் இறங்கியது. ஆனால் கூடத்தில் பாட்டு நின்றுவிட்டது. பெரிய மாமியார் என் அம்மாவைப் பார்த்து, "ஏன் சம்பந்தியம்மா, உங்க பையன் எந்த ஊருப் பாஷை பேசுறாரு? சாதம் வருதா, சரக்கு லாரி வருதா?" என்றார். மதுரைக் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அண்ணனும் சேர்ந்து சிரித்தார். "அத்தை, நம்மளது ஐலண்டு பாஷை. டென்ஷன் நஹி. ரெண்டு நாள் இருந்தீங்கன்னா நீங்களே பேசுவீங்க!"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம். முழங்கை வரைக்கும் வளையல், கன்னத்தில் சந்தனம், மணையில் உட்கார்ந்தபடியே எல்லார் முன்னாலும் கத்தினேன். "அண்ணே! நிறுத்துங்க! மானத்த வாங்காதீங்க. இனிமே இந்த வீட்டுல வாயத் தெறக்காதீங்க!"

அண்ணன் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு வலது கையை உயர்த்தி, நுனியில்லாத அந்த விரலையும் மடக்கி, முஷ்டியை மூடிக் காட்டினார். ரோக்கோ. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. தமாஷ் பண்ணுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பந்தி முடியும் வரை பரிமாறியது, வழியனுப்பியது எல்லாம் கையாலேயே நடந்தது.

தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போக வேண்டும். எட்டாம் மாதக் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் ரங்கத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறினோம். பாதிக் கடலில் எனக்கு வலி எடுத்துவிட்டது! கப்பலில் ஒரே கூச்சல். ஒரு நர்ஸம்மா பயணிகளில் இருந்தார், அது நான் செய்த புண்ணியம். ஜெட்டிக்கு வந்து சேர்ந்தால் கடலில் நீர் வற்றிய நேரம். கப்பல் தளம் எங்கோ பள்ளத்தில், ஜெட்டி எங்கோ மேலே. நடுவில் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. அதில் ஸ்ட்ரெச்சரைத் திருப்பவே முடியாது. நர்ஸம்மா என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீர் ஏறுற வரைக்கும் காத்திருக்க முடியாது. ஒரு மணி நேரம்கூடத் தாங்காது" என்றார்.

அப்போது மேலேயிருந்து கேட்டது அந்தத் தொண்டை. "நிமாய்! கிரேன் இதர் கர்! பலகை லகாவ்!" நிமாய் தாதா அண்ணனின் கிரேன்காரர், வங்காளி; தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பலகைத் தட்டு, நாலு மூலையில் நாலு கயிற்றோடு, என் பக்கத்தில் வந்து இறங்கியது. என்னை ஸ்ட்ரெச்சரோடு அதில் வைத்துக் கட்டினார்கள். ஒரு பக்கம் நர்ஸம்மா, மறு பக்கம் என் வீட்டுக்காரர். அவர் கண்ணை மூடியவர்தான், அடுத்த நாள்தான் சரியாகத் திறந்தார்.

"ஹா...பிஸ்! தோடா... தோடா..."

தளம் கீழே போய்விட்டது. நான் அந்தரத்தில். "அண்ணே! அண்ணே!" என்று கதறுகிறேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கண் கொக்கியில் இருந்தது. சரியாக அந்த நேரம் ஒரு அலை வந்து கப்பலைப் புரட்ட, தட்டு ஆடி, கப்பலின் இரும்புத் தூணை நோக்கிப் போனது. தளத்தில் நின்ற ஒரு தெலுங்கு மீன்காரம்மா அதைப் பார்த்துவிட்டார். "ரோக்கோ! ரோக்கோ!"

அண்ணன் முஷ்டி மூடியது. கிரேன் நின்றது. தூணுக்கும் என் காலுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். தட்டு ரெண்டு ஆட்டம் ஆடி அடங்கியது. எனக்கு உயிர் போகிற வலி. இனியாவது தூக்குவார் என்று பார்த்தால், அண்ணன் அந்த மீன்காரம்மாவைப் பார்த்து, "அம்மா, டீக் ஹை? போலோ!" என்று, சரியாக இருக்கிறதா எனக் கேட்டுவிட்டு நிற்கிறார்! அந்தம்மா தூணைப் பார்த்து, கயிற்றைப் பார்த்து, வாயிலிருந்த வெற்றிலையைக் கடலில் துப்பி, "டீக் பாபு, ஹாபிஸ்" என்று சொன்ன பிறகுதான் அண்ணன் கை மேலே போனது. கூடப் பிறந்தவள் அந்தரத்தில் தொங்குகிறேன், இவர் முன்பின் தெரியாத மீன்காரம்மாவிடம் உத்தரவு கேட்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் பல வருடம் என்னிடம் இருந்தது.

"ஆரியா... தோடா ஆரியா... ரோக்கோ." தட்டு ஜெட்டியைத் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு மெதுவாக. கொக்கியைக் கழற்றி, கயிறுகளைத் தள்ளிப் போட்ட பிறகுதான் அண்ணன் மண்டி போட்டு என் தலையைத் தொட்டார்.

"பாப்பா, ரொம்ப வலிக்குதா?"

"மூணு மணி நேரமா வலிக்குது! இப்பதான் கேக்குறீங்களா?"

"காத்துல இருந்தப்ப நீ லோடும்மா. இப்பதான தங்கச்சி." ஆம்புலன்ஸ் கிளம்பும் வரை நுனியில்லாத அந்த விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் என் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் போட்ட சத்தத்தில் காவலாளி வந்து இரண்டு முறை எச்சரித்துவிட்டுப் போனார்.

சண்டை அதோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். மூன்றாம் மாதம் குழந்தையோடு ரங்கத்துக்குப் போனேன். அண்ணன் தொட்டில், சீர் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் நிலையத்திலிருந்து தெருமுனை வரை என்னோடு சளசளவென்று பேசிக்கொண்டே வந்தவர், என் வீட்டு வாசல்படியில் காலை வைத்ததும் கப்சிப். சோறு வேண்டுமா என்றால் கட்டைவிரல் கீழே, அதாவது ஆரியா, போடு. போதுமா என்றால் முஷ்டி. குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கும்போதும் ஹாபிஸ் என்று கை காட்டுவார், சத்தம் வராது. என் மகளுக்கு அம்மா, அப்பா என்ற சொல்லுக்கு முன்னால் வந்தது முஷ்டிதான். கடைசி வாய்ச் சோறு வேண்டாமென்று குட்டி முஷ்டியை மூடிக் காட்டுவாள், வீடே விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒரு வருடம், இரண்டு வருடம், பத்து வருடம். வருடத்துக்கு மூன்று முறையாவது வருவார். வாசலில் பேச்சு, உள்ளே கை. "என்ன அண்ணே, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டுப் பார்த்தேன். சிரிப்பார். "இன்னும் கோவமா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டி, என் தலையில் குட்டிவிட்டுப் போவார். "பேசுங்க அண்ணே" என்று மட்டும் நான் சொல்லவில்லை. அவராகப் பேசட்டுமே என்று இருந்தேன். அவ்வளவு திமிர் எனக்கு. பெரிய மாமியாரே அடுத்த முறை வந்தபோது, "எங்க அந்த ஐலண்டு பாஷை? பேசச் சொல்லுடி, கேக்க நல்லாருந்துச்சு" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. இப்படியே பத்தொன்பது வருடம் போனது.

போன வருடம் மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். அங்கே பேசினார், நன்றாகப் பேசினார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வந்த நர்ஸுக்கே, "ஹாபிஸ் மேடம், தோடா... ரோக்கோ!" என்று கற்றுக்கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் தேறிவிட்டார் என்றார்கள். நான் டியூட்டிக்குத் திரும்ப வேண்டும். "பாப்பா, கடல் சரியில்ல. பஸ்ல போ" என்றார். நான் பஸ்ஸில் போனேன். மறுநாள் காலை கவுண்டரைத் திறக்கும்போது அண்ணியின் போன் வந்தது.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். மூன்று நாளும் தூங்காமல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு நன்றி. செய்தி கேட்டு அடுத்த விமானத்திலேயே வந்த ராமநாதபுரத்துச் சொந்தங்களுக்கும், கச்சாலிலிருந்து கப்பல் கிடைக்காமல் தவித்து வந்து சேர்ந்த அண்ணி வீட்டாருக்கும் நன்றி. பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பற்ற வைக்க விடாமல் மாறி மாறிச் சோறு கொண்டுவந்த வங்காள, தெலுங்கு, மலையாள வீட்டு அம்மாக்களுக்கு நன்றி. அண்ணனைப் படியிறக்கிய ஜெட்டி ஆட்களுக்கு நன்றி. இந்தக் கடைசி நன்றியை ஒரு வரியில் முடிக்க எனக்கு மனமில்லை.

போர்ட் பிளேரில் அண்ணன் வீடு மேட்டில் இருக்கிறது. வந்தவர்களுக்குத் தெரியும், ரோட்டுக்கு இறங்க நாற்பத்திரண்டு படி, நடுவில் பலாமரத்தடியில் ஒரு திருப்பம். அன்று நல்ல மழை, படியெல்லாம் பாசி. ஜெட்டி ஆட்கள் ஆறு பேர் பாடையைத் தோளில் ஏற்றினார்கள். இறங்கத் தொடங்கியதும் ஆளாளுக்கு வழி சொன்னார்கள். "மெல்ல, மெல்ல" என்றது நம் சொந்தம். "ஆஸ்தே ஆஸ்தே" என்றது ஒரு ஹிந்திக் குரல். "பதுக்கே" என்றது மலையாளத்து வீட்டுக் குரல். ஒருவர் வலது பக்கம் என்கிறார், ஒருவர் இடது பக்கம் என்கிறார். வாழ்நாளெல்லாம் ஒரே குரலுக்கு வேலை செய்த ஆட்கள். அந்தக் குரல்தான் பாடையில் படுத்திருந்ததே! ஏழாவது படியில் முன்னால் போனவர் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணி அலறினார்.

நான் வாசல்படியில் நின்றிருந்தேன். "ரோக்கோ!"

அது என் தொண்டையிலிருந்துதான் வந்தது. வலது கை தானாக மேலே போய் முஷ்டி மூடியிருந்தது. ஆறு பேரும் அப்படியே நின்றார்கள். பாடை நேரானது, வழுக்கியவர் காலை ஊன்றிக்கொண்டார். இனி இறங்கலாம். ஆனால் யாரும் நகரவில்லை. மழை கொட்டுகிறது, அண்ணன் நனைகிறார், ஆறு பேரும் சிலையாக நின்று என்னையே பார்க்கிறார்கள்.

"போங்களேன்! சலோ! ஏன் நிக்கிறீங்க?" என்று கத்தினேன்.

பின்பக்கத்தைத் தாங்கியிருந்த நிமாய் தாதா திரும்பிப் பார்த்தார். "தீதி, ரோக்கோ ஆப் போலா. அபி ஆப் ஹி போலேகா. ஜெட்டி கா ரூல்" என்றார். பக்கத்தில் நின்ற நம் தமிழ் ஆள் எனக்குப் புரியவில்லையோ என்று எடுத்துச் சொன்னார். "அக்கா, நிறுத்துன்னு யாரு வேணா சொல்லலாம், ரோட்டுல போறவங்ககூடச் சொல்லலாம். ஆனா யாரு நிறுத்துனாங்களோ அவங்களேதான் மறுபடி கிளப்பணும். வேற யாரும் கிளப்பக் கூடாது. அவங்களுக்கு என்ன தெரிஞ்சிச்சோ நமக்குத் தெரியாதுல்ல? அண்ணன் இதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. உங்களுக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. அந்த மீன்காரம்மாவிடம் அவர் ஏன் உத்தரவு கேட்டார் என்று பத்தொன்பது வருடம் கழித்து, மழையில் நின்று, எனக்கு விளங்கியது. அதோடு சேர்த்து மற்றதும் விளங்கியது. என் வீட்டில் அவர் கோபத்தில் பேசாமல் இருக்கவில்லை. தமாஷுக்கும் இல்லை. நான் நிறுத்தச் சொன்னேன், அவர் நிறுத்தினார். நான் கிளப்பச் சொல்வேன் என்று காத்திருந்தார்.

நான் படியில் இறங்கிப் பாடைக்கு முன்னால் போய் நின்றேன். "பொம்பளப் புள்ள முன்னால போகக் கூடாது" என்று பெரியப்பா சொன்னது காதில் விழுந்தது. என்னை மன்னியுங்கள் பெரியப்பா, அன்று எனக்கு வேறு வழி தெரியவில்லை. பின்பக்கமாகக் காலை வைத்து, கொக்கியைப் பார்ப்பதுபோல் அண்ணன் தலைமாட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ஆரியா... தோடா ஆரியா..." ஒரு படி. இன்னொரு படி. பலாமரத் திருப்பத்தில் "ஸைடு மாரோ, தோடா." குரல் உடையவே இல்லை, எனக்கே ஆச்சரியம். மற்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். முப்பத்தைந்து படியும் ஒரே குரலில் இறங்கினோம். வண்டிக்குள் வைத்தபோது அண்ணன் நெற்றித் திருநீறு கலையாமல் இருந்தது, அண்ணி தன் முந்தானையை மேலே பிடித்துக்கொண்டே வந்திருந்தார். நிமாய் தாதா என் தலையில் கை வைத்தார். அதன் பிறகுதான் நான் அழுதேன்.

அண்ணன் காத்திருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று பதினாறாம் நாள் அண்ணியிடம் கேட்டேன். அண்ணி சொன்னார். "ரங்கத்துக்குக் கெளம்புறப்பல்லாம் சட்டை போட்டுக்கிட்டே சொல்லுவாங்க தங்கச்சி. இந்த வாட்டி பாப்பா கெளப்பிரும் பாரு அப்டின்னு. திரும்பி வந்தா, அடுத்த வாட்டி பாப்போம்பாங்க. நானே வந்து உங்ககிட்ட சொல்றேன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். கூடாதுன்னுட்டாங்க. அது தானா சொல்லணுமாம்."

ஆகவே சொந்தங்களே, நண்பர்களே, முதலாண்டு நினைவு நாளைப் போர்ட் பிளேரில் வைக்காமல் ரங்கத்தில், என் வீட்டில் வைத்திருக்கிறேன். அண்ணியும் சம்மதித்துவிட்டார். ஜெட்டி ஆட்கள் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும். ஐந்து வகைச் சாதம் உண்டு, புளியோதரை அண்டாவைக் கொல்லையிலிருந்து கூடத்துக்கு நீங்கள்தான் தூக்க வேண்டும். வாய் வலிக்கக் கத்தித் தூக்குங்கள். பெரிய மாமியார் இந்த வயதிலும் மதுரையிலிருந்து வருகிறார். அண்ணன் படத்தைக் கூடத்தின் நடுவில், அன்று அவர் நின்ற அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

அண்ணே, நிறுத்தச் சொன்னது நான்தான். அதனால் நானே சொல்கிறேன், எல்லார் முன்னாலும் சொல்கிறேன். நம்ம வீட்டுல பேசுங்க அண்ணே.